மோனேயின் அல்லிக்குளமும் ழிவெர்னி ஊராரின் ஆட்சேபனையும்

வீட்டுப் பின்கட்டில் சிறிய குளம் கட்டி, அதில் கலர் கலராகக் கோய் மீன் விடுவது இப்போது நம் ஊரிலும் வழக்கமாகிவிட்டது. முன்பு கிணறும் துணி துவைக்கும் கல்லும் இருந்த இடத்தில் இன்று குளம். அதை வெட்டியவர்கள் அடுத்துக் கேட்கும் கேள்வி ஒன்றே: "இதில் என்ன செடி வைக்கலாம்?"

செடி விற்பவர் இதற்கு ஒரு நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவார். எனக்கு இந்தக் கேள்வியின் பழைய கதைதான் பிடிக்கும். 35 ஆண்டுகள் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். குளத்தில் செடி வைக்க ஒருவர் மனுப் போட்டார், ஊரார் ஆட்சேபனை எழுப்பினார்கள், மாவட்ட அதிகாரி உத்தரவு போட்டார் என்று தெரிந்தால் என்னால் சும்மா இருக்க முடியுமா? மனு கொடுத்தவர் ஓவியர் குளோத் மோனே. ஆண்டு 1893. அந்தக் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் மீன்

கோய் தனி இனம் அல்ல. நாம் சாப்பிடும் கெண்டையின் வகைதான். ஜப்பானில் நீகாத்தா என்ற பனி கொட்டும் மலைப்பகுதியில் நெல் விவசாயிகள் சாப்பாட்டுக்காகக் கெண்டை வளர்த்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்தக் கெண்டைகளில் சில சிவப்பும் வெள்ளையுமாகப் பிறந்தன. அவற்றை அடித்துச் சாப்பிடாமல் தனியே வைத்து இனம் பெருக்கினார்கள். 1914-இல் டோக்கியோவில் நடந்த பொருட்காட்சியில் அவை வைக்கப்பட்ட பிறகுதான் ஜப்பான் முழுவதுக்கும் தெரிந்தது. பிளாஸ்டிக் பையில் காற்றடைத்து விமானத்தில் அனுப்பும் வசதி வந்த பிறகு உலகம் சுற்றின.

கெண்டையின் குணம் அழகு மீனாக மாறிய பிறகும் போகவில்லை. சேற்றை வாயால் கிளறித் தின்பது அதன் பிறவிப் பழக்கம். செடியின் வேரைத் தோண்டும், இளந்தளிரை மெல்லும். குளத்துச் செடிக்கும் கோய் மீனுக்கும் ஒரே வீட்டு மாமியார் மருமகள் உறவு. இரண்டும் இருந்தால்தான் வீடு, ஆனால் இடையில் ஒரு தடுப்பு வேண்டும். இதற்குப் பிறகு வருகிறேன்.

நெனுஃபார் என்ற சொல்

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'திக்தே' என்றால் இப்போதும் வயிற்றைக் கலக்கும். வாத்தியார் வாசிக்க, நாங்கள் பிழையில்லாமல் எழுத வேண்டும். அதில் அடிக்கடி வரும் சொல் 'நெனுஃபார்'. அல்லிக்குப் பிரெஞ்சுப் பெயர் அது. 'ஃப' ஒலிக்கு 'எஃப்' போடுவதா, 'பி-எச்' போடுவதா என்று வகுப்பே முழிக்கும்.

பல ஆண்டுகள் கழித்துத்தான் எனக்கு விவரம் தெரிந்தது. அந்தச் சொல் நம் நாட்டிலிருந்து போனது. நாம் நீலோற்பலம் என்கிறோமே, வடமொழியில் நீலோத்பலம், அதுவே பாரசீகத்தில் நீலூஃபர் ஆகி, அரபியில் நீனூஃபர் ஆகி, கடைசியில் பிரெஞ்சில் நெனுஃபார் ஆனது. அரபியிலிருந்து வந்ததால் 'எஃப்' தான் முறை. பிரெஞ்சு அகாதெமியும் அப்படித்தான் எழுதி வந்தது. 1930-களில் வந்த பதிப்பில் 'பி-எச்' ஆக மாற்றியது. 1990-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்து மறுபடி 'எஃப்' போடலாம் என்றார்கள். அதற்குப் பெரிய சண்டையே நடந்தது. நீலோற்பலத்துக்குப் பாரீசில் இவ்வளவு மரியாதை!

தாமரை வேறு, அல்லி வேறு என்பது நம் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தாமரை இலை தண்ணீருக்கு மேலே குடைபோல எழும்பி நிற்கும். அல்லி இலை தண்ணீர்மேல் படுத்திருக்கும், ஓரிடத்தில் வெட்டுப் பட்டிருக்கும். அல்லி, ஆம்பல், குவளை, நெய்தல் என்று நமக்கு எத்தனை பெயர்! ஒரு நிலத்துக்கே நெய்தல் என்று பூவின் பெயரை வைத்தவர்கள் நாம். ஏரியிலும் கோயில் குளத்திலும் தானாகப் பூப்பதால் அதை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை.

ஐரோப்பாவின் நிலைமை வேறு. அங்கே குளிர்காலத்தில் குளம் உறைந்துபோகும். நம் நாட்டு நீல அல்லியும் செவ்வல்லியும் அதில் செத்துவிடும். அதனால் பெரிய பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி, வெந்நீர்க் குழாய் வைத்து அவற்றை வளர்த்தார்கள். வெளியே திறந்த குளத்தில் தாக்குப்பிடித்தது வெள்ளை அல்லி ஒன்றுதான். சாதாரண மனிதர் ஒருவர் தன் வீட்டுக் குளத்தில் மஞ்சளோ சிவப்போ பார்க்க வழியில்லை.

லத்தூர்-மர்லியாக்

அந்த வழியைத் திறந்தவர் ழொசெஃப் பொரி லத்தூர்-மர்லியாக். 1830-இல் பிறந்தவர், தென்மேற்கு பிரான்சுக்காரர். 1875-இல் லெ தாம்ப்ல்-சுர்-லொத் என்ற சிற்றூரில் நாற்றுப்பண்ணை தொடங்கினார். குளிர் தாங்கும் ஐரோப்பிய வெள்ளை அல்லியோடு அமெரிக்காவின் மஞ்சள் அல்லி, மணமுள்ள அல்லி, சுவீடனில் ஓர் ஏரியில் மட்டும் கண்டெடுக்கப்பட்ட சிவப்பு வகை ஆகியவற்றை ஒட்டு மகரந்தம் சேர்த்துப் புதிய வகைகளை உண்டாக்கினார். பொறுமை வேண்டிய வேலை. அல்லிப்பூ சில நாட்களே திறந்து மூடும், விதை தண்ணீருக்குள் மூழ்கிவிடும், முளைத்த செடி பூக்கும்வரை அது என்ன நிறம் என்று தெரியாது. அவர் உண்டாக்கிய பல வகைகளுக்கு விதையே பிடிக்காது. கிழங்கைப் பிரித்துத்தான் பெருக்க வேண்டும். வேறொருவர் விதை எடுத்து அவரைப் போல் செய்ய முடியாது.

1870-களின் கடைசியில் உருவான அவருடைய மஞ்சள் அல்லி இன்றும் விற்பனையில் இருக்கிறது. அந்தப் பண்ணையும் இன்றும் இருக்கிறது.

1889-இல் பாரீசில் உலகப் பொருட்காட்சி நடந்தது. பிரெஞ்சுப் புரட்சியின் நூற்றாண்டு விழா அது, ஈஃபில் கோபுரம் திறந்ததும் அப்போதுதான். கோபுரத்துக்கு எதிரே த்ரொக்காதெரோ தோட்டக் குளத்தில் லத்தூர்-மர்லியாக் தன் கலர் அல்லிகளைக் காட்சிக்கு வைத்துப் பரிசு பெற்றார். மக்கள் தலை நிமிர்ந்து கோபுரத்தைப் பார்த்தபோது தலை குனிந்து குளத்தைப் பார்த்தவர்களில் மோனேயும் ஒருவர் என்பார்கள்.

மனுவும் ஆட்சேபனையும்

மோனே 1883-இல் ழிவெர்னி என்ற கிராமத்தில் வாடகைக்கு வந்தார். பாரீசுக்கு வடமேற்கே, சேன் ஆறும் எப்த் ஆறும் கூடும் இடத்துக்கு அருகே உள்ள ஊர். 1890-இல் அதே வீட்டை விலைக்கு வாங்கினார். 1893 ஆரம்பத்தில், வீட்டுத் தோட்டத்துக்கு எதிரே, ரயில் பாதைக்கு அப்பால் ஒரு துண்டு நிலம் வாங்கினார். அதன் ஓரமாக எப்த் ஆற்றின் சிறு கிளை ஒன்று ஓடியது. 'ரூ' என்று பெயர், நம் வாய்க்கால் மாதிரி. அதிலிருந்து தண்ணீர் எடுத்துக் குளம் நிரப்ப வேண்டும், வாய்க்காலுக்குக் குறுக்கே சிறு பாலம் போட வேண்டும். வாய்க்கால் பொதுச் சொத்து. ஆகவே மாவட்டத் தலைமை அதிகாரியான பிரேஃபேயின் அனுமதி தேவை. 1893 மார்ச்சில் மோனே மனுக் கொடுத்தார்.

குளத்துக்கு மடை எதற்கு என்று கேட்கலாம். அல்லிக்கு ஓடும் தண்ணீர் ஆகாது. குளிர்ந்த தண்ணீரும் ஆகாது. தேங்கி, வெயிலில் சற்றுச் சூடான தண்ணீர்தான் வேண்டும். முழுவதும் தேங்கினால் நாறிப்போகும். அதனால் வேண்டும்போது கொஞ்சம் உள்ளே விட்டு, கொஞ்சம் வெளியே விட மடைவாய் வேண்டும். மனுவின் உயிர்நாடி இதுதான்.

ஊரார் எதிர்த்தார்கள். அவர்கள் விவசாயிகள். அந்த வாய்க்காலில்தான் மாடு தண்ணீர் குடிக்கும், பெண்கள் துணி துவைப்பார்கள். இந்தப் பட்டணத்து மனிதர் எங்கிருந்தோ வினோதமான செடிகளைக் கொண்டுவந்து தண்ணீரில் நடப் போகிறார், அந்தத் தண்ணீர் மறுபடி வாய்க்காலுக்கு வரும், நம் மாடுகளுக்கு விஷமாகிவிடும் என்று பயந்தார்கள். தண்ணீர் குறைந்துபோகும் என்றும் பயம்.

மோனே அப்போது ரூவான் நகரத்தில் தங்கி அங்குள்ள பெரிய மாதாகோயிலை வரைந்துகொண்டிருந்தார். ஊரார் மறுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கோபம் தலைக்கேறியது. மனைவி அலிசுக்குக் கடிதம் எழுதினார். இனி நிலமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம், அந்த நீர்ச்செடிகளைத் தூக்கி ஆற்றில் எறியுங்கள், அங்கேயே வளரட்டும் என்கிற பொருளில். கோபத்தில் எழுதிய இந்த வரியை நினைவில் வையுங்கள்.

கோபம் தணிந்த பிறகு ஜூலையில் பிரேஃபேக்கு மறுபடி எழுதினார். இது கண்ணுக்கு இன்பத்துக்காகவும் வரைவதற்காகவும் மட்டுமே. வாய்க்கால் ஓரத்தில் தானாக வளரும் நாணல், ஐரிஸ், அல்லி போன்ற செடிகளைத்தான் வைக்கப் போகிறேன். தண்ணீருக்கு விஷம் வர வாய்ப்பில்லை என்று விளக்கினார். நல்ல மனுவின் இலக்கணம் இது. ஆட்சேபனைக்கு நேர் பதில், தேவைக்கு மேல் ஒரு சொல் இல்லை. அதே ஜூலை மாதக் கடைசியில் அனுமதி வந்துவிட்டது. மார்ச்சில் கொடுத்த மனுவுக்கு ஜூலையில் உத்தரவு! இதைப் படிக்கிற என் பழைய சகாக்கள் பெருமூச்சு விடுவார்கள்.

மறு ஆண்டு 1894-இல் லத்தூர்-மர்லியாக் பண்ணைக்கு மோனேயின் ஆர்டர் போனது. வாய்க்கால் ஓரம் வளரும் சாதாரண வெள்ளை அல்லியோடு அவர் நிற்கவில்லை. பொருட்காட்சியில் பரிசு வாங்கிய பண்ணையின் கலர் வகைகளும் வந்து இறங்கின. மனுவில் எழுதியதற்கும் பிறகு நடந்ததற்கும் உள்ள இந்தச் சிறு இடைவெளியை எந்த எழுத்தரும் கவனிக்காமல் விடமாட்டார்.

குளம் வளர்ந்த கதை

1895-க்குள் குளத்தின்மேல் ஜப்பானிய பாணியில் வளைந்த மரப்பாலம் வந்துவிட்டது. கரையில் மூங்கில், ஐரிஸ், தண்ணீரைத் தொடும் வில்லோ மரம். பின்னால் பாலத்தின்மேல் ஊதாப்பூக் கொத்துத் தொங்கும் விஸ்டீரியாக் கொடி. 1901-இல் மேலும் நிலம் வாங்கிக் குளத்தைப் பெரிதாக்கினார். தோட்டக்காரர்களில் ஒருவருக்குக் குளம் மட்டும்தான் வேலை. காலையில் படகில் போய்ப் பழுத்த இலையை வெட்டுவார், பாசியை அள்ளுவார், தூசி படிந்த அல்லி இலைகளைக் கழுவிவிடுவார். பக்கத்துச் சாலைப் புழுதி இலையில் படிகிறது என்று, சாலைக்குத் தார் போடும் செலவை மோனேயே ஏற்றுக்கொண்டார். புழுதி குறைந்ததில் ஊராருக்கும் லாபம்தான்.

ஆரம்பத்தில் பூவின் அழகுக்காகத்தான் அல்லி நட்டார். அதை வரையலாம் என்று புரிந்துகொள்ள நாளாயிற்று. பிறகு கடைசி இருபது முப்பது ஆண்டுகள் அந்தக் குளத்தைத் தவிர வேறு எதையும் அதிகம் வரையவில்லை. 1918-இல் முதல் உலகப் போர் ஓய்ந்த மறுநாளே தன் நண்பர் பிரதமர் கிளமான்சோவுக்கு எழுதி, படங்களை நாட்டுக்குக் கொடுப்பதாகச் சொன்னார். நம் புதுச்சேரியிலிருந்தும் பலர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து போன போர் அது. 1926 டிசம்பரில் மோனே காலமானார். 1927 மே மாதம் பாரீசில் ஒரான்ழெரி காட்சியகத்தில் அந்தப் பெரிய அல்லிப் படங்கள் திறந்து வைக்கப்பட்டன. எட்டுப் படங்கள், இரண்டு முட்டை வடிவக் கூடங்கள். ஒரு வாய்க்கால் மனுவின் முடிவு அது.

ஊரார் முட்டாள்களா?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் ழிவெர்னி விவசாயிகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். மகா கலைஞனைப் புரிந்துகொள்ளாத பட்டிக்காட்டார் என்று. எனக்கு அந்தச் சிரிப்பில் உடன்பாடு இல்லை.

அதே காலத்தில் குளச்செடி வியாபாரத்தில் இன்னொரு செடியும் உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. ஊதா நிறப் பூ, பார்க்க அவ்வளவு அழகு. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், தண்ணீரில் போட்டால் மிதந்துகொண்டே வளரும். பிரெஞ்சில் 'ழசேந்த் தோ' என்பார்கள். நாம் வெங்காயத் தாமரை என்கிறோம், ஆகாயத் தாமரை என்றும் சிலர் சொல்வார்கள்.

வீட்டுக் குளத்தில் அதிகமாகிவிட்டது என்று யாரோ ஆற்றில் எறிந்தால் போதும். 1890-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் செயின்ட் ஜான்ஸ் ஆற்றில் படகு போக முடியாமல் அடைத்துக்கொண்டது. 1910-இல் லூசியானாவின் பிரதிநிதி ஒருவர், இந்தச் செடியைத் தின்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து நீர்யானையை இறக்குமதி செய்யலாம் என்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார். நல்லவேளை நிறைவேறவில்லை. வங்காளத்தில் நெல் வயலையும் படகுப் போக்குவரத்தையும் இது பாழாக்கி, 1936-இல் இந்தச் செடியை ஒழிப்பதற்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. நம் ஏரி, வாய்க்கால்களில் அது எப்படி இருக்கிறது என்று நான் சொல்லவேண்டியதில்லை. மழைக்காலத்தில் மதகில் அடைத்து நின்று தண்ணீரைத் தெருவுக்கு அனுப்புவதை வருடா வருடம் பார்க்கிறோம்.

இப்போது மோனே கோபத்தில் எழுதிய வரியை நினையுங்கள். செடிகளை ஆற்றில் எறியுங்கள், அங்கேயே வளரட்டும் என்றாரே! அல்லியாக இருந்ததால் பிழைத்தோம். அல்லி சேற்றில் கிழங்கு ஊன்றி இருந்த இடத்தில் இருக்கும். வெங்காயத் தாமரையாக இருந்தால், நல்ல வெயிலும் கழிவுநீரும் கிடைத்தால், இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகும்.

விவசாயிகள் சொன்ன காரணம் தவறு. விஷம் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வி சரியானது: "உன் குளத்துச் செடி எங்கள் தண்ணீரை என்ன செய்யும்?" 2016-இல் ஐரோப்பிய ஒன்றியம் வெங்காயத் தாமரையை விற்கவோ வளர்க்கவோ கூடாது என்று தடைப்பட்டியலில் சேர்த்தது. ழிவெர்னி ஊராரின் கேள்விக்கு 123 ஆண்டுகள் கழித்து வந்த அரசாணை அது.

உங்கள் குளத்துக்கு

பின்கட்டில் கோய் குளம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வரலாற்றிலிருந்து கிடைப்பது சில எளிய விஷயங்கள்.

அல்லியைத் தாராளமாக வையுங்கள். நம் ஊரில் குளிர் பயம் இல்லாததால் நாட்டு அல்லியே போதும். அகலத் தொட்டியில் களிமண் கலந்த தோட்டத்து மண்ணைப் போட்டு நட்டு, மேலே மீனின் வாய்க்குள் அடங்காத அளவு கூழாங்கற்களைப் பரப்புங்கள். மாமியார் மருமகளுக்கு நடுவே நான் சொன்ன தடுப்பு இதுதான். நீர்வீழ்ச்சியோ மோட்டாரோ தண்ணீரைக் கலக்கும் இடத்திலிருந்து தொட்டியைத் தள்ளி வையுங்கள். மோனே மடைக்காக மல்லாடியது இந்தக் காரணத்துக்குத்தான். தண்ணீர்ப் பரப்பில் பாதிக்கு இலை மூடியிருந்தால் வெயில் குறையும், பாசி குறையும், மீனுக்கும் நிழல்.

மீன் கழிவால் தண்ணீரில் சேரும் உப்புச் சத்தை உறிஞ்ச, மீன் போக முடியாத சிறு பக்கத்தொட்டி கட்டி அதில் கல்வாழை, சேம்பு, வசம்பு, கோரை வைக்கலாம். குளத்தின் தண்ணீர் அதன் வழியே சுற்றி வந்தால் போதும். அரளியைக் குளக்கரையில் வைக்காதீர்கள். அதன் இலை தண்ணீரில் விழுந்தால் மீனுக்கு ஆபத்து. வெங்காயத் தாமரை பக்கமே போகாதீர்கள், இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். அதிகமான செடியைக் காயவைத்து எருவாக்குங்கள். சலித்துப்போன மீனையும் ஏரியில் விடாதீர்கள். உங்கள் வீட்டுக் குளம் உங்களுடையது, வாய்க்கால் எல்லோருடையது.

1893-இல் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் நானும் அனுமதிக்குத்தான் பரிந்துரை எழுதியிருப்பேன். ஆனால் ஊராரின் ஆட்சேபனையைக் 'காரணமற்றது' என்று தள்ளியிருக்க மாட்டேன். 'இந்தச் செடிக்குப் பொருந்தாது. அடுத்த மனு வரும்போது இந்த ஆட்சேபனையை மறக்காமல் பார்க்கவும்' என்று ஓரத்தில் குறிப்பு எழுதி, மேலே அனுப்பியிருப்பேன்.